பெட்டி மேல் எண், பையில் பணம்

நாயுடுபேட்டையில் ரயில் ஏறினால் சூலூர்பேட்டை, கும்மிடிப்பூண்டி தாண்டி சென்னை. அங்கே ரிச்சி தெருவில் கேமிங் மானிட்டர் வாங்கப் புறப்படும் இளைஞருக்குப் பெட்டி மேல் அச்சிட்ட எண்தான் முதல் கண்ணி. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சி 16.7 மில்லிசெகண்ட் நிற்கிறது; 144-ல் 6.9. மிச்சம் கிட்டத்தட்ட 10. அதையே 240-க்கு உயர்த்தினால் கூடுதல் மிச்சம் 2.8 மட்டும். விலை என்னவோ தாவி ஏறுகிறது.

கை இறுக்கமென்றால் 24 அங்குலம், 1080பி, 144 முதல் 180 ஹெர்ட்ஸ் தாராளம். வி.ஏ. பேனலில் கருமை ஆழம்தான். ஆனால் இருட்டில் ஓடுபவன் பின்னால் நிழல் இழுபடும். துப்பாக்கி ஆட்டங்களுக்கு ஐ.பி.எஸ். மேல். '1 மில்லிசெகண்ட்' விளம்பரம் கம்பெனிகள் தங்களுக்கு வசதியாக அளந்துகொண்ட அளவு. ஜி-சிங்க் முத்திரைக்குத் தனியாக அழ வேண்டியதில்லை. 2019 ஜனவரியிலேயே என்விடியா தன் கார்டுகளை அடாப்டிவ் சிங்க் திரைகளோடு ஒத்துப்போக வைத்துவிட்டது.

கார்டு பழசு, நொடிக்கு 70 காட்சிதான் தரும் என்றால் 180 ஹெர்ட்ஸ் வெறும் அலங்காரம். அந்தப் பணம் கார்டுக்குப் போகலாம். இன்னொரு வேடிக்கை: புதுத் திரையை மாட்டிய பிறகும் விண்டோஸ் பல சமயம் 60-லேயே ஓடும். செட்டிங்கில் மாற்றாமலே மாதக்கணக்கில் ஆடி மகிழ்பவர்கள் உண்டு. பழைய ஹெச்.டி.எம்.ஐ. கேபிளும் காலை வாரும், டிஸ்ப்ளேபோர்ட் உத்தமம்.

எரியாத புள்ளி இருக்கிறதா என்று கடையிலேயே திரையைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மாற்றுவதென்றால் மறுபடியும் ரயில்.