தண்ணீரில் ரயில் ஓடாது

திருக்கோவிலூர் சுற்றுவட்டாரத்தில் பொங்கல் நெருங்கினால் வெல்லக் கொட்டகைகள் புகையத் தொடங்கிவிடும். மோட்டாரைப் போட்டதும் இயந்திரம் கரும்பைக் கடித்துப் பாலைப் பிழியும். பால் கொப்பரைக்குப் போகும். சக்கை வெயிலில் காய்ந்து, அதே கொப்பரைக்கு அடியில் எரியும். அடுப்பு வாயில் குந்தியபடி சக்கையைத் தள்ளிக்கொண்டே இருப்பவர், விறகு வாங்க ஆள் அனுப்புவதில்லை.

அந்த ஒரே கொட்டகையில் இரண்டு விதமான சக்தி வேலை செய்கிறது. சக்கையில் இருப்பது, வயலில் நின்ற மாதங்களில் கரும்பு சேர்த்துவைத்த வெயில். மோட்டாரைச் சுழற்றும் கரண்ட் அப்படி எங்கும் விளைவதில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியாகவோ, முப்பந்தலில் காற்றாகவோ, கூடங்குளத்தில் யுரேனியமாகவோ இருந்ததைக் கம்பி சுமந்து வந்து இறக்குகிறது. சக்கைதான் மூலம்; கரண்ட் வெறும் சுமைதூக்கி. ஸ்கூட்டரின் பேட்டரியும் அப்படித்தான். ஹைட்ரஜனும் அப்படித்தான்.

இதை மறந்ததால் நாம் ஒருமுறை நன்றாகவே ஏமாந்தோம். 1996-ல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை, தண்ணீரில் மூலிகையைப் போட்டு பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னபோது நாடே வாயைப் பிளந்தது. 2016-ல் சென்னை நீதிமன்றம் மோசடி வழக்கில் அவருக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். சாம்பலை மறுபடி எரிக்க முடியுமா?

2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். பெருமைதான். ஆனால் ‘தண்ணீரில் ஓடும் ரயில்’ என்று பேசுவது பழைய மயக்கத்தின் புதிய பதிப்பு. தண்ணீரைப் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கும் மேல் கரண்ட் வேண்டும். அந்தக் கிலோவுக்குள் இருப்பது சுமார் 33 யூனிட். எரிபொருள் கலத்தில் அதை மறுபடி கரண்டாக்கும்போது அதிலும் ஏறக்குறைய பாதி போய்விடும். பேட்டரியோ வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் இலக்கு, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அதற்காகவே சுமார் 1,25,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின் நிலையங்கள் தேவை என்கிறது அதே திட்டம். உரத்துக்கும் உருக்குக்கும் ஹைட்ரஜன் வேண்டும், மறுக்கவில்லை. பேருந்துக்கும் காருக்கும் அதைக் கொட்டுவது ஊதாரித்தனம்.

எத்தனால் கதை கொஞ்சம் சிக்கலானது. இன்று பங்க்கில் நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை அது இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் குறைகிறது என்ற புலம்பலில் நியாயம் உண்டு. அதைவிட முக்கியமான கேள்வி, அதைச் செய்ய என்ன செலவழித்தோம் என்பது. பிரேசிலின் கரும்பு எத்தனால், போட்டதைப் போலப் பல மடங்கு திருப்பித் தருகிறது; ஆலையின் கொதிகலனில் எரிவது சக்கை. அமெரிக்காவின் மக்காச்சோள எத்தனாலில் மிச்சம் சொற்பம் என்று பல ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. மக்காச்சோளத்துக்குச் சக்கை கிடையாது, வடிக்க வெளியிலிருந்து எரிபொருள் வேண்டும்.

திருக்கோவிலூர் இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரும்பும் விளைகிறது, மக்காச்சோளமும் விளைகிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் நிற்கின்றன. இங்கே எதை நட்டு எதை எரிபொருளாக்குவது என்று நாளை யாராவது திட்டத்தோடு வந்தால், விவசாயிகள் விலையை மட்டும் கேட்டு விட்டுவிடக் கூடாது. ஒரு லிட்டருக்கு எத்தனை யூனிட் கரண்ட், எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உரம் என்று கேளுங்கள். அரசும் இனி எந்தப் புதிய எரிபொருளை அறிவித்தாலும், அதில் போட்டது எவ்வளவு, எடுப்பது எவ்வளவு என்ற கணக்கை அறிவிப்போடு சேர்த்தே வெளியிட வேண்டும்.