ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தா மட்டும் போதுமா பாஸ்? கியர் குறைக்கும்போது பின்சக்கரம் உதறுவது ஏன்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிய ரைடர்களுக்கு இது தெரிந்திருக்கும். வளைவுக்கு முன்னால் டக்கென்று ஒரு கியர் குறைத்து கிளட்ச்சை விட்டால், உடம்பு முன்னால் தள்ளும். பின்சக்கரம் 'கிறீச்' என்று ஒரு சத்தம் போடும். சில நேரம் பைக்கின் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளியும். "நம்ம பைக்லதான் ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி உங்கள் வலது கையில் இருக்கிறது.

பிரச்னை எங்கே ஆரம்பிக்குது?

பைக் ஒரே வேகத்தில் போனாலும், கியருக்குக் கியர் இன்ஜின் சுற்றும் வேகம் மாறும். 4-வது கியரில் 5,000 ஆர்பிஎம்மில் போகும் பைக், அதே வேகத்துக்கு 3-வது கியரில் சுமார் 6,300 ஆர்பிஎம் சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஆக்சிலரேட்டரை மூடி கிளட்ச்சைப் பிடித்ததும், இன்ஜின் 5,000-க்கும் கீழே இறங்கிவிடும். இப்போது கிளட்ச்சை விட்டால், குறைகிற சுற்றை யார் ஏற்றுவது? பின்சக்கரம்தான் இன்ஜினை இழுத்துச் சுற்றவைக்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது எடையெல்லாம் முன்சக்கரத்துக்குப் போய்விடும். பின் டயருக்கு ஏற்கெனவே பிடிமானம் குறைவு. அதன் தலையில் இன்ஜினையும் இழுக்கும் வேலையைக் கட்டினால், ரோட்டில் கொஞ்சம் மணலோ ஈரமோ இருந்தாலே சறுக்கிவிடும். ஆர்எக்ஸ் 100 ஓட்டிய அப்பாக்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் இன்ஜின் பிரேக்கிங் குறைவு. இன்று நாம் ஓட்டும் ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது அதிகம்.

"ஏபிஎஸ் பாத்துக்குமே?" என்றால், இல்லை. ஏபிஎஸ் தளர்த்துவது பிரேக்கின் அழுத்தத்தை மட்டும்தான். சக்கரத்தை முடக்குவது இன்ஜின் என்றால், சாதாரண ஏபிஎஸ்ஸால் எதுவும் செய்ய முடியாது. சிங்கிள் சேனல் ஏபிஎஸ் என்றால் பின்சக்கரத்தைக் கவனிப்பதே இல்லை.

ப்ளிப் என்ன செய்யுது?

கிளட்ச்சைப் பிடித்திருக்கும் அந்த அரை விநாடியில் ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு முறுக்கு. இன்ஜின் சுற்று மேலே ஏறும். அதே நொடியில் கியரைக் குறைத்து கிளட்ச்சை விட்டால், இன்ஜினும் சக்கரமும் ஏறக்குறைய ஒரே கணக்கில் வந்து சேரும். உதறல் இல்லை, கிளட்ச் பிளேட்டுக்கும் செயினுக்கும் அடி இல்லை. அவ்ளோதான் ப்ளிப்.

சிக்னலில் நின்றுகொண்டு 'விர்ர் விர்ர்' என்று முறுக்குவதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அது சீன். ஒழுங்கான ப்ளிப், பக்கத்தில் போகிறவருக்குப் பெரிதாகக் கேட்கக்கூடக் கேட்காது.

அப்போ ஸ்லிப்பர் கிளட்ச்?

பெயரைக் கேட்டு செருப்பைத் தேட வேண்டாம். 'ஸ்லிப்' ஆவதால் ஸ்லிப்பர். இந்த கிளட்ச்சுக்குள் சரிவான மேடுகள் இருக்கும். பின்சக்கரம் இன்ஜினை வேகமாக இழுக்க ஆரம்பித்தால், இந்த மேடுகள் பிரஷர் பிளேட்டைக் கொஞ்சம் விலக்கிவிடும். பிளேட்டுகள் வழுக்கும். இழுப்பின் ஒரு பகுதி மட்டுமே இன்ஜினுக்குப் போகும், சக்கரம் தப்பிக்கும்.

ரேஸ் டிராக்கில் பிறந்த விஷயம் இது. 2002-ல் மோட்டோஜிபி, 500 சிசி டூ ஸ்ட்ரோக்கிலிருந்து 990 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியபோது இன்ஜின் பிரேக்கிங்கை அடக்குவது பெரிய தலைவலியானது. இன்று ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஆர் 200, சென்னை ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650, யமஹா ஆர்15 என்று நம் தெருவுக்கே வந்துவிட்டது. இவற்றில் பல 'அசிஸ்ட்' வகையும்கூட. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பிளேட்டுகள் தானாக இறுகுவதால், மெல்லிய ஸ்பிரிங்கே போதும், லிவரும் லேசாக இருக்கும். உண்மையைச் சொன்னால், கிண்டி டிராஃபிக்கில் தினமும் நமக்கு உதவுவது அந்த லேசான லிவர்தான்.

ஆனால், இதற்கும் எல்லை உண்டு. வழுக்கும் கிளட்ச்சும் ஓரளவு இழுப்பைக் கடத்தத்தான் செய்யும். 100 கி.மீ. வேகத்தில் மூன்று நான்கு கியரை ஒரே மூச்சில் குறைத்தால், இன்ஜின் தன் எல்லையைத் தாண்டிச் சுற்றக்கூடும். 'ரெவ் லிமிட்டர் இருக்கே' என்றால், அது இன்ஜின் தானாக முறுக்கி ஏறுவதைத்தான் தடுக்கும். சக்கரம் இழுத்துச் சுற்றினால் அதனால் தடுக்க முடியாது.

சொல்லிக்கொடுப்பது யார்?

இதுதான் என் ஆதங்கம். ஷோரூமில் "ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கு சார்" என்று சொல்லி விற்பார்கள். அது என்ன செய்யும், எதைச் செய்யாது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. லைசென்ஸ் வாங்கப் போனால் எட்டு போட வேண்டும். எட்டுப் போட முதல் கியரே போதும்! வேகத்திலிருந்து கியர் குறைத்து, நிதானமாக நிற்கத் தெரியுமா என்று பார்க்காமலே, மலைப்பாதையில் பின்சீட்டில் ஒருவரை ஏற்றிப்போகும் உரிமையைக் கொடுத்துவிடுகிறோம். டெலிவரி அன்று ஷோரூமில் 10 நிமிட விளக்கம், டெஸ்ட்டில் ஒரு டவுன்ஷிஃப்ட். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அதுவரை நாமே கற்றுக்கொள்ளலாம்:

1. முதலில் ப்ளிப்பே வேண்டாம். பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்த பிறகு, ஒவ்வொரு கியராகக் குறைத்து கிளட்ச்சை மெதுவாக விடுங்கள்.

2. அது கைக்கு வந்த பிறகு, காலியான நேர் ரோட்டில், பிரேக் தொடாமல், 3-லிருந்து 2-க்கு ப்ளிப் பழகுங்கள்.

3. கடைசியாகத்தான் பிரேக்கோடு சேர்த்து. இரண்டு விரல் பிரேக்கில், மீதிக் கை ஆக்சிலரேட்டரில். முறுக்கும்போது பிரேக் அழுத்தம் கூடவோ குறையவோ கூடாது. அதற்குத்தான் இத்தனை பழக்கம்.

4. வளைவுக்குள் சாய்ந்த பிறகு கியர் குறைக்காதீர்கள். எல்லாவற்றையும் நேராக இருக்கும்போதே முடியுங்கள்.

5. திடீரென்று யாராவது குறுக்கே வந்தால் ப்ளிப்பை மறந்துவிடுங்கள். கிளட்ச்சைப் பிடித்து, இரண்டு பிரேக்கையும் போட்டு நிறுத்துவதுதான் முக்கியம்.

ஸ்லிப்பர் கிளட்ச் நல்ல விஷயம். கை தவறும் நாளில் அது காப்பாற்றும். தினமும் அதையே நம்பி ஓட்டினால், அது இல்லாத நண்பரின் பைக்கை ஒருநாள் மலையில் ஓட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும். அன்றைக்குப் பாடம் படிக்க ரோடு டைம் கொடுக்காது.