பின்னணியில் நிற்கும் கப்பல்

கணினித் திரையில் மரக்கப்பலின் மேல்தளத்தை வரைவது இன்று ஏறத்தாழ ஒரே வாய்பாடாகிவிட்டது. ஒரு மறைபுள்ளியை நோக்கிக் கோடுகள் இழுக்கப்படுகின்றன. அவற்றின்மேல் பலகைகள் அடுக்கப்படுகின்றன. மரரேகைத் தூரிகை ஓடுகிறது. பலகை முனைகளில் ஆணித்தலைகள் பொட்டிடப்படுகின்றன. கோடியில் சுக்கான் சக்கரம் ஒன்று நிறுத்தப்படுகிறது. கதை கரீபியக் கடற்கொள்ளையருடையதாயின் குறையில்லை. அதே தளத்தில் சோழ வீரன் நிற்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பு 1025ஆம் ஆண்டினது. சக்கரமோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கப்பல்களுக்கு வந்தது. இடைவெளி ஏறத்தாழ 700 ஆண்டு.

பின்னணியை யார் பார்க்கப்போகிறார்கள் என்பது வழக்கமான மறுமொழி. எவரும் கூர்ந்து பாராததே பின்னணியின் வலிமை. நாயகனின் உடையை ஐயுறும் கண், அவன் காலடிப் பலகையை ஐயுறுவதில்லை. சோழர் கலத்தின் கட்டுமான வரைபடம் எதுவும் எஞ்சாத நிலையில், இன்றைய ஓவியமே நாளைய மாணவருக்குச் சான்றாகிவிடும்.

இது வெற்றச்சம் அன்று. 5ஆம் நூற்றாண்டு அஜந்தா ஓவியம் ஒன்றைக் கொண்டே கோவாவில் ‘கௌண்டின்யா’ என்னும் தையல் கலம் கட்டப்பட்டு, 2025 மே மாதம் கர்நாடகத்தின் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதன் பலகைகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. திசைதிருப்பச் சக்கரமில்லை, துடுப்பே உண்டு. சுவரில் எவரோ தீட்டிய படம், 1500 ஆண்டுகளுக்குப் பின் தச்சனுக்கு வழிகாட்டியது.

தமிழில் வரைவோருக்குச் சொற்களும் துணைநிற்கும். ஏரா என்பது கப்பலின் அடிமரம், வங்கு, அதன் விலாக்கட்டை, அணியம், முன்புறம், பருமல், பாய் கட்டும் குறுக்குமரம். இவை சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் உறங்குகின்றன. ஒரு சொல்லை அறிந்தவர் அது சுட்டும் உறுப்பைத் தேடுவார். அறியாதவர் ஆயத்தப் படத்தை ஒட்டிவிட்டுக் கடந்துபோவார். சொல்லிழப்பு இவ்வாறே காட்சியிழப்பாகிறது.

கற்பனைக்கு வரலாறு விலங்காகலாகாது என்பது நியாயமே. ஆயினும் அறிந்து மீறுவது வேறு, அறியாமல் நகலெடுப்பது வேறு. முன்னது கலை, பின்னது பழக்கம்.

கடலில்லாப் பெங்களூரில், ஸ்ரீராம்புரத்துத் தமிழ் மாணவர் ஒருவர் அசைவூட்டம் பயிலும்போது, கப்பல் அவருக்குத் திரைவழியே அறிமுகமாகிறது. ஆகவே ஓவிய வகுப்பும் மொழியியல் துறையும் ஒரே மேசையில் அமரவேண்டும். கோப்பின் அடுக்குகளுக்கு எண்ணிடுவதை விட்டு ஏரா, வங்கு, அணியம் எனப் பெயரிடுவதிலிருந்தே அதைத் தொடங்கலாம்.