ஆற்காட்டு நவாபும் அம்பாந்தோட்டையும்

1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் பீரங்கி முழங்கியது. ஒருபுறம் மைசூரின் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும், மறுபுறம் கர்னல் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கும்பினிப் படை. ஆறு மாதம் ஆவதற்குள் நிஜாம் கும்பினியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். கும்பினியை நம்பிய ஆற்காட்டு நவாப் முகமது அலி, வெள்ளைக்காரர்களிடம் வாங்கிய கடனில் மூழ்கினார். 1801இல் ஆட்சியே அவர் வாரிசுகளின் கையைவிட்டுப் போனது. இதே வட்டாரப் பள்ளியில் இதைப் பாடமாக நடத்தியவன் நான்.

இலங்கைச் செய்தி படிக்கையில் அந்தக் கடன்தான் நினைவுக்கு வருகிறது. சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றது. டெல்லி பதறியது.

துறைமுகத்துக்குத் துறைமுகம் என்று நாமும் போட்டிக்கு இறங்குவதை நான் ஏற்கவில்லை. அதே 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவி செய்தது. தமிழ்நாடு அரிசியும் பால் மாவும் அனுப்பியது. அதுதான் சரியான வழி. ஆனால், எங்கள் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளும் என்னிடம் படித்தார்கள். இங்கேயே பிறந்தவர்களுக்குக்கூடக் குடியுரிமை தராமல் கொழும்பில் போய் நட்பு பேசுவது எந்த நியாயம்? முதலில் டெல்லி அதைக் கொடுக்கட்டும்.