மஞ்சள் அடிக்கிறதுக்கு முன்னாடி முழுப் பக்கத்தைக் காட்டுங்க

மதுரைப் பக்கம் ஒரு செஷன்ஸ் கோர்ட். கூண்டில் நான். ஸ்கிரீனில் நான் கையெழுத்துப் போட்ட பிரேத பரிசோதனை அறிக்கை. அறிக்கைன்னு சொல்றது அதிகம், அதிலிருந்து வெட்டி எடுத்த ஒரே ஒரு வரி: ஹயாய்டு எலும்பு முறியவில்லை. பளீர்னு மஞ்சள். "அப்ப கழுத்தை நெரிக்கலை, சரிதானே டாக்டர்?"

அடுத்த வரி ஸ்கிரீனில் இல்லை. அதில்தான் கழுத்துத் தசைகளில் ரத்தக்கசிவுன்னு எழுதியிருந்தேன்.

ஹயாய்டுங்கிறது நாக்குக்கு அடியில இருக்கிற, லாடம் மாதிரி ஒரு சின்ன எலும்பு. இளம் வயசுல அதன் துண்டுகள் பலருக்கு ஒண்ணா இறுகியிருக்காது, வளைஞ்சு கொடுக்கும். நெரிச்சாலும் முறியாம இருக்கலாம். இதையெல்லாம் நான் வாயால சொன்னேன். ஆனா பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பொண்ணோட அம்மா கண்ணு மஞ்சளை விட்டு நகரலை.

எதிர்த்தரப்பு வக்கீல்களை மட்டும் திட்டறேன்னு நினைக்காதீங்க. அரசுத் தரப்பும் இதே வேலையைப் பண்ணுது. (எங்க டாக்டர் கையெழுத்து லட்சணமும் ஒரு காரணம், ஒத்துக்கிறேன்.)

ஆவணத்தில் ஒரு பகுதியைக் காட்டினா, அதைச் சரியாப் புரிஞ்சுக்க எவ்வளவு தேவைன்னு நீதிமன்றம் நினைக்குதோ அவ்வளவையும் காட்டணும். 1872 சாட்சியச் சட்டத்தில் இது பிரிவு 39. 2024 ஜூலை 1-லிருந்து வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் பிரிவு 33. ஸ்லைடுக்கு மட்டும் விதிவிலக்கா?

"முழுப் பக்கம் போட்டா எழுத்து தெரியாது சார்"னு ஒரு ஜூனியர் சொன்னார். தெரியும் தம்பி. முதல் ஸ்லைடில் முழுப் பக்கம், மூலையில் சான்றாவண எண்ணும் பக்க எண்ணும். அடுத்ததில் அந்தப் பத்தியை மட்டும் பெரிசாக்குங்க, ஓரத்தில் முழுப் பக்கம் சின்னதா நிக்கட்டும். ஸ்கேன் பண்ண பக்கம் வெறும் படம்தான், பவர்பாயிண்டின் எழுத்து ஹைலைட்டர் அதில் வேலை செய்யாது. அதனால கோடில்லாத மஞ்சள் செவ்வகம் ஒண்ணு வரைஞ்சு, பாதிக்கு மேல ஒளி ஊடுருவுற மாதிரி வைங்க. வரியோட உயரத்துக்கு மேல போகக்கூடாது. மவுஸால கோணல்மாணலா இழுத்தா பக்கத்து வரியும் அழுக்காகும். முக்கியமா, வாக்கியம் முடியற இடத்தில்தான் மஞ்சளும் முடியணும். "இல்லை"ங்கிற சொல்லை வெளியே விட்டுட்டு மஞ்சள் அடிச்ச ஸ்லைடையும் நான் பார்த்திருக்கேன்.

2025-ல் மடப்புரம் அஜித்குமார் மரணத்தில் பிரேத பரிசோதனை நடந்தது நம்ம ராஜாஜி அரசு மருத்துவமனையில். 44 காயங்கள்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பேசப்பட்டது. அப்படி ஒரு அறிக்கையில் ஒரே ஒரு காயத்துக்கு மஞ்சள் அடிச்சுக் காட்டினா மீதி 43 எங்கே போகும்?

உங்க குடும்ப வழக்கில் யாராவது இப்படி ஒரு ஸ்லைடு போட்டா, உங்க வக்கீல் காதுல மெதுவாச் சொல்லுங்க: "சார், அதுக்கு மேல் வரியும் கீழ் வரியும் காட்டச் சொல்லுங்க."