தீர்ப்புக்குப் பிறகும் குறையாத கட்டணம்

நீதிமன்றத்தில் கியூபெக் அரசினர் தோற்றார்கள். மேன்முறையீடும் செய்யவில்லை. ஆனாலும் கட்டணத்தைக் குறைக்க மாட்டார்களாம். மொன்றியலின் மக்கில், கொன்கோர்டியா பல்கலைக்கழகங்களில் படிக்க வரும் வெளிமாகாணப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை உயர்த்தியது நியாயமற்றது என்று கியூபெக் உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொன்னது. திருத்திக்கொள்ள ஒன்பது மாத அவகாசமும் தந்தது. யூன் மாதம் வந்த பதில், உயர்வு தொடரும் என்பதுதான்.

2023 ஒக்ரோபரில், ஏறத்தாழ 9,000 டொலராக இருந்த கட்டணத்தை 17,000 ஆக்கப்போவதாக அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் டிசெம்பரில் 12,000க்கு இறங்கினார்கள். முதலில் சொன்ன தொகைக்குக் கணக்கு ஏதும் இருந்திருந்தால் இரண்டே மாதத்தில் 5,000 டொலர் எப்படிக் குறைந்தது?

நம்மவர் வீடுகளில் இந்த உயர்வு அதிகம் தாக்குவது, பல்கலைக்கழகம் மாறி வரும் பிள்ளைகளைத்தான். ஸ்காபரோவில் ஒரு பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளி கொஞ்சம் குறைந்தது; வெளியூரில் அறை எடுத்துப் படிக்க வைக்கவும் வீட்டில் வசதியில்லை. ரொறன்ரோவில் பேருந்து ஏறிப் போய்வரக்கூடிய பல்கலைக்கழகத்தில் சேர்கிறது. ஒரு வருடம், இரண்டு வருடம் கண்விழித்துப் படித்து, அந்தப் புள்ளிகளைக் கொண்டு மக்கிலில் இடம் கேட்கிறது. இது நேர்வழியை விடக் கடினமான வழி. படித்த பாடங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சில ஏற்கப்படும், சில போய்விடும். எத்தனை ஏற்கப்பட்டாலும் மக்கில் பட்டம் பெறக் குறைந்தது 60 கிரெடிட் அங்கேயே முடிக்கவேண்டும். அது முழுதாக இரண்டு வருடம். பழைய கட்டணத்தோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு 3,000 டொலர் கூடுதல். இரண்டு வருடத்துக்கு 6,000. பாடங்கள் கைவிட்டுப்போய் மூன்றாம் வருடமும் தேவைப்பட்டால் 9,000. தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் தகப்பன் எத்தனை வார இறுதிகளில் மேலதிக நேரம் நின்றால் இந்தப் பணம் சேரும்? முன்பே இங்கே படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பழைய கட்டணம் என்றார்கள். வேறிடத்தில் பாதிப் படிப்பை முடித்துவிட்டு வருபவரோ அவர்கள் கணக்கில் நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டவர். மக்கில் தன் நிதியிலிருந்து 3,000 டொலர் உதவித்தொகை தருகிறது, நன்றிக்குரியது. ஆனால் அது எல்லோருக்கும் கிடையாது.

பிரெஞ்சைக் காக்கவே இந்த உயர்வு என்கிறார்கள். மொழி அழிந்துவிடுமோ என்ற பயம் தமிழருக்கு விளங்காததல்ல. கியூபெக்கின் மொழிச் சட்டமான 1977இன் 101ஆம் சட்டத்தை ஏற்று நம் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில்தான் படித்தார்கள். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் இறங்கி நடந்தால் அவர்களின் பிரெஞ்சு காதில் விழும். ஆனால் வெளிமாகாண மாணவர்களால் மொன்றியலின் பிரெஞ்சுக்குக் கேடு என்பதற்குப் போதிய தரவு இல்லை என்றே நீதிபதி கண்டார். தரவு இல்லாமல், மொழியின் பெயரால் பல்கலைக்கழக வாசலில் தடை போட்டால் என்ன நடக்கும் என்பதை இலங்கையின் 1971 தரப்படுத்தலில் பார்த்தவர்கள் நாம். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் அந்த வடு உள்ளவர்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

இதே கியூபெக் அரசின் கைகள் முன்பு செய்ததையும் மறக்கவேண்டாம். 2019இல், வருடக்கணக்காகக் காத்திருந்த சுமார் 18,000 குடிவரவு விண்ணப்பங்களை ஒரே சட்டத்தால் தூக்கி எறிந்தார்கள். அதே வருடம் நவம்பரில், இங்கே படித்து முடித்த வெளிநாட்டு மாணவர்களின் குடியேற்ற விதிகளைத் திடீரென மாற்றிவிட்டு, மாணவர்கள் கண்ணீரோடு சட்டசபைக்கு வந்ததும் சில நாட்களில் பின்வாங்கினார்கள். 2022 சனவரியில், இடநெருக்கடியில் திணறும் டோசன் கல்லூரியின் விரிவாக்கத்தை, தாங்களே ஆதரித்த திட்டத்தை, ரத்துச் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் அறிவிப்பு, பிறகுதான் யோசனை. இடையில் வீணாவது இளம் பிள்ளைகளின் வருடங்கள். இதை நிர்வாகம் என்று ஏற்க நம்மால் முடியாது.

கட்டணம் மறுபடி பரிசீலிக்கப்படவேண்டும். மாறி வரும் மாணவருக்குத் தனியான ஏற்பாடு ஒன்று வேண்டும். எந்த வடிவில் என்பதைப் பல்கலைக்கழகங்களோடு இருந்து பேசி முடிக்கட்டும். 2026 ஒக்ரோபரில் மாகாணத் தேர்தல் வருகிறது. வாக்குக் கேட்டு உங்கள் படியேறுபவர் எந்தக் கட்சியானாலும், வாசலிலேயே நிறுத்தி இந்த 12,000 டொலரைப் பற்றிக் கேளுங்கள்.