கவலையை விடச் சொல்கிறார்கள்; கை கழுவத் தண்ணீர் எங்கே?



எமது அங்கத்தவர்கள் வேலை செய்யும் தோட்டமொன்றில் அண்மையில் "நலவாழ்வு தினம்" என்று ஒன்றை நடத்தினார்கள். கொழுந்து மடுவத்தில் கதிரை போட்டு, பெனர் கட்டி, கொழும்பிலிருந்து இரண்டு பேரை வரவழைத்திருந்தார்கள். தோலை எப்படிப் பராமரிப்பது, மனதை எப்படி அமைதியாக வைத்திருப்பது என்று ஒன்றரை மணித்தியாலம் பேசினார்கள். உடம்பும் மனமும் ஒன்று, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், எட்டு மணித்தியாலம் தூங்குங்கள், வெயிலில் அதிகம் நிற்காதீர்கள், கவலையை விடுங்கள், கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுங்கள் என்றார்கள். போகும்போது ஆளுக்கொரு சின்னக் கிறீம் டியூப்பும் ஒரு பிஸ்கட் பக்கெட்டும் கொடுத்தார்கள்.

பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழும்பிக் கேட்டார்: "எல்லாஞ் சரிங்க. மலையில கை கழுவத் தண்ணி எங்க இருக்கு?"

பேச வந்தவர் துரையைப் பார்த்தார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

உடம்பும் மனமும் ஒன்று என்பதில் எமக்கு மறுப்பில்லை. ராத்திரி முழுவதும் சொறிந்துகொண்டு கிடந்துவிட்டு விடியற்காலை பெரட்டுக்குப் போகிறவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எமது சண்டை வேறு. உடம்பைச் சொல்கிறார்கள், மனதைச் சொல்கிறார்கள், இரண்டையும் கெடுக்கிற வேலையையும் வீட்டையும் மட்டும் சொல்லாமல் விடுகிறார்கள். அதை விட்டுவிட்டு "முழுமையான பராமரிப்பு" என்று பேசுவது வேரை மூடிவைத்துவிட்டு இலைக்குத் தண்ணீர் தெளிக்கிற கதை.

கொழுந்து எடுக்கிறவளின் கையைப் பாருங்கள். கொழுந்தின் சாறு விரலில் பட்டுக் காய்ந்து கறுத்துப் போகிறது. அது அழுக்கு இல்லை, எத்தனை சவர்க்காரம் போட்டாலும் இலேசில் போகாது. பனியில் நனைந்து, காற்றில் காய்ந்து, மறுபடி மழையில் நனைந்து, விரல் நுனியும் பெருவிரல் மடிப்பும் வெடிக்கின்றன. அந்த வெடிப்போடு வீட்டுக்கு வந்து மிளகாய் அரைத்து, உப்புப் போட்டுக் கறி வைத்தால் எப்படி எரியும் என்று கேட்கிற துரைமார் எவரையும் நாம் இதுவரை கண்டதில்லை. இடுப்பில் கட்டுகிற படங்கு ஈரத்தோடு உராய்ந்து தடித்துப் புண்ணாகிறது. கூடைக் கயிறு அழுத்துகிற இடத்தில் தலைமயிர் கொட்டுகிறது. ஈரச் சப்பாத்துக்குள்ளும் சேற்றுக்குள்ளும் கிடக்கிற காலில் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அட்டை கடிக்கும்போது இரத்தம் உறையாமல் இருக்க ஒரு நீரை உள்ளே விடுகிறது. அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் வருகிறது, பிறகு நாட்கணக்கில் அரிக்கிறது. சொறிந்த இடம் சீழ் வைத்தால் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் பேர் இல்லை. போனாலும் தோட்டத்துக்குத் தோட்டம் 16, 18, 20 கிலோ என்று வைத்திருக்கிற நிறை வராவிட்டால் அரைப்பேர். மழை நாளில் கொழுந்து ஈரம் என்று தராசில் கிலோவை வெட்டுகிறார்கள். அதே ஈரம் காலையும் கையையும் தின்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

இந்தத் தேயிலையின் சாற்றைக் கலந்து முகத்துக்குப் பூசும் கிறீமும் சவர்க்காரமும் செய்து விற்கிறார்கள். தோலுக்கு மிகவும் நல்லதாம்.

மருந்தடிக்கிற ஆண்களின் கதை இன்னொன்று. முதுகில் மாட்டும் தாங்கி கசிந்து சட்டை நனைந்து, நாள் முழுக்க அந்தச் சட்டையோடேயே நிற்கிறார்கள். பின்னேரம் அதைப் பெண்கள் பீலிக்கரையில் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கிறார்கள். கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். தடை செய்தபோது விளைச்சல் என்ன ஆகும் என்று பேசினார்கள், அனுமதித்தபோதும் விளைச்சலைத்தான் பேசினார்கள். அடிக்கிறவனுக்குத் தனி உடுப்பு எங்கே, குளிக்கத் தனி இடம் எங்கே என்று அந்த மூன்று வருடத்தில் யாராவது வந்து கேட்டார்களா?

இனி சொறி சிரங்கு. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "இந்த ஆட்கள் சுத்தமில்லை" என்ற ஏச்சு இதை வைத்துத்தான் வருகிறது. சிரங்கு என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பூச்சி தோலுக்குள் துளைத்துப் போவதால் வருவது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, மறைவிடம் என்று பரவும். இரவில்தான் அரிப்பு அதிகம். முதல் தடவை தொற்றினால் அரிக்கத் தொடங்கவே நான்கு முதல் ஆறு கிழமை ஆகலாம். அதாவது இன்று அரிப்பில்லாத தம்பிக்கும் அது ஏற்கனவே தொற்றியிருக்கலாம். ஆகவே அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து போட்டு ஒரு பலனும் இல்லை. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓர் இடம் விடாமல் பூச வேண்டும். டொக்டர் சொன்னபடி ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் பூச வேண்டும். உடுத்த துணி, போர்வை எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும், முடியாததை ஒரு பையில் கட்டி ஒரு கிழமை ஒதுக்கி வைக்க வேண்டும். பூச்சி செத்த பிறகும் சில கிழமைக்கு அரிப்பு இருக்கும், அதற்குப் பயந்து மருந்தை மேலும் மேலும் பூசத் தேவையில்லை.

இப்போது லயத்துக்கு வாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதற்குள் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். ஏழு பேருக்கு இரண்டு போர்வை. டிஸ்பென்சரியில் கொடுத்தது ஒரே ஒரு டியூப். தண்ணீர் வருகிற பீலி இருபது குடும்பத்துக்கு ஒன்று. எல்லோருடைய போர்வையையும் ஒரே நாளில் துவைத்தால் அன்றிரவு மலைக் குளிரில் எதைப் போர்த்துவது? இவர்களைப் பார்த்துச் சுத்தமில்லை என்று சொல்கிறவர் ஒரு கிழமை அந்தக் காம்பராவில் படுத்துப் பார்க்கட்டும். மருந்து நோயை வெளியேற்றுகிறது, லயம் அதைத் திரும்ப உள்ளே கூட்டி வருகிறது.

மனம் என்று சொன்னார்களே, அது எங்கே வருகிறது என்று பார்ப்போம். ராத்திரி அரிப்பு, தூக்கமில்லை. காலையில் பெரட்டுக்குப் பிந்தினால் கங்காணியின் ஏச்சு. நிறை வராது, அரைப்பேர். கிழமைக் கடன்காரன் வாசலில் வந்து நிற்கிறான். மனம் கொதிக்கிறது. மனம் கொதித்தால் கரப்பானும் சொரியாசிசும் கூடும், இதை டொக்டர்மாரே சொல்கிறார்கள். கூடினால் மறுபடி தூக்கமில்லை. இந்தச் சக்கரத்தில் எந்த இடத்தில் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுவது?

எமது தோழி ஒருவரின் கதையை, பெயரும் தோட்டமும் சொல்லாமல், அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறோம். அவருக்கு உள்ளங்கையிலும் முழங்கையிலும் சொரியாசிஸ். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஆனால் அவரோடு நிரையில் நின்றவர்கள் அவருடைய போத்தலில் சாயத்தண்ணி வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார்கள். பிள்ளை மடுவத்தில் மற்றப் பிள்ளைகளைத் தூக்க வேண்டாம் என்றார்கள். குஷ்டம் என்றது ஒரு வாய், செய்வினை என்றது இன்னொரு வாய். அவர் கையில் துணி சுற்றிக்கொண்டு போனார், பிறகு போவதையே நிறுத்தினார். ஓர் இரவு மகளிடம், தான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டிருக்கிறார். மகள் அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் பக்கத்துக் காம்பரா மாமியிடம் சொன்னாள். மாமி மாதர் சங்கத் தலைவியிடம் சொன்னார். இருவரும் பஸ் ஏறிக் கூட்டிப் போய், தோல் கிளினிக்கிலும் மனநலக் கிளினிக்கிலும் காட்டினார்கள். இப்போது வேலைக்கு வருகிறார். நோய் முற்றாகப் போய்விடவில்லை, கூடிக் குறைகிறது. கூடுகிற நாளில் அவரோடு உட்கார்ந்து பேச இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இதில் எமது வெட்கமும் இருக்கிறது. அவர் வராத அந்த மூன்று மாதமும் சம்பளத்தில் வெட்டும் சந்தா வரவில்லை என்று எமது தோட்டக் கமிட்டி குறித்து வைத்திருந்தது. ஏன் வரவில்லை என்று ஒருவராவது லயத்துக்குப் போய்க் கேட்கவில்லை. அந்த ஏச்சை நாமே எமக்கு ஏசிக்கொள்ள வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் ரூபாயை மட்டும் பேசினோம். கையுறை, சப்பாத்து, மலையில் தண்ணீர், மலசலகூடம் ஆகியவற்றைக் கடைசித் தாளில் எழுதினோம், முதல் பேரத்திலேயே விட்டுக் கொடுத்தோம்.

நிர்வாகம் தரும் பதில்கள் எமக்குத் தெரியும். கையுறை போட்டால் கொழுந்து எடுக்க முடியாது என்பார்கள். தடித்த றப்பர் கையுறையோடு முடியாதுதான். அதனால்தானே பெண்கள் தாமாகவே விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொள்கிறார்கள்! விரலுக்கு ஏற்ற உறையைத் தருவதும், அதனால் வேகம் குறைந்தால் நிறையைக் குறைப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. சுகாதாரம் அரசாங்கத்தின் வேலை என்பது அடுத்த பதில். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமே லயத்தையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பதும், தோட்டத்தில் யாருக்கு என்ன நோய் என்று அறிந்துகொள்வதும் தோட்டத் துரையின் கடமை என்று வைத்தது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் கேட்டதைக்கூட இன்றைய கம்பனிகள் ஒரு டியூப்பும் பிஸ்கட்டும் கொடுத்து முடித்துக்கொள்ளப் பார்க்கின்றன.

எமது பக்கத்திலும் திருத்த வேண்டியவை உண்டு. தேங்காய் எண்ணெய் பூசுவது நல்லதுதான், வெடிப்பு ஈரம் காக்கும், பாட்டிமார் சொன்னதை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் அரிப்புக்கு மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் பூசாதீர்கள், தோல் வெந்துவிடும். கடையில் கேட்டு வாங்குகிற ஸ்டீரொயிட் கிறீமை வட்டப்படைக்குப் பூசினால் இரண்டு நாள் அடங்கிப் பிறகு இரண்டு மடங்காகப் பரவும். பெட்டியில் ஒழுங்கான விபரம் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்களைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள், அவற்றில் பாதரசம் கலந்தவை பிடிபட்டிருக்கின்றன. வெளிறிய படையில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் நாள் கடத்தாமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அது தொழுநோயாக இருந்தாலும் 6 அல்லது 12 மாத மாத்திரையில் குணமாகும், மருந்து இலவசம். அதற்காக ஒருவரையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. உயிர் வெறுத்துப் பேசுகிறவரைத் தனியே விடாதீர்கள், 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

வரும் மாதம் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலிருந்தும் இரண்டு பெண்கள் லயம் லயமாகப் போக வேண்டும். எந்த மலையில் தண்ணீர் இல்லை, எத்தனை பேருக்குக் கையில் வெடிப்பு, எத்தனை வீட்டில் சிரங்கு, யார் வேலைக்கு வராமல் காம்பராவுக்குள் இருக்கிறார்கள் என்று எழுதி வர வேண்டும். நோயாளியின் பெயர் கமிட்டிக்கு வெளியே போகக்கூடாது. அதை வைத்து மலைக்கு மலை தண்ணீர்த் தாங்கி, விரலுறை, சப்பாத்து, மருந்தடிக்கிறவர்களுக்கு மாற்றுடுப்பும் குளியலறையும், வீட்டுக்கே முழு மருந்து, கிளினிக் நாளுக்குச் சம்பளம் என்று கேட்போம். இம்முறை அது முதல் தாளில் இருக்கும்.

அந்த அக்காவின் கேள்வியை எழுத்தில் நிர்வாகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் அடுத்த இதழில் போடுவோம். வராவிட்டால், வரவில்லை என்பதையும் போடுவோம்.